வழிகாட்டியின் முதற்பக்கங்கள்: தேசிய கல்வி இலக்குகளை ஆசிரியர்கள் கூடிப் படிப்பதற்கான ஒரு செயல்முறை

நான் எட்டு ஆண்டுகள் பயன்படுத்திய ஓர் ஆசிரியர் வழிகாட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் பாட அலகுகள் வரும் பக்கங்களில் சோக்கட்டி விரல் அடையாளங்களும் பேனைக் கோடுகளும் நிறைந்திருக்கின்றன. தொடக்கத்திலுள்ள தேசிய பொது இலக்குகளின் பக்கமோ அச்சகத்திலிருந்து வந்த நாளில் இருந்தது போலவே இருக்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நான் பழகிய ஆசிரியர்கள் பலரது வழிகாட்டிகளும் இதே நிலையில்தான் உள்ளன. பாடவேளைகளின் எண்ணிக்கையும் தேர்ச்சி மட்டமும் கற்றற் பேறும் உடனடித் தேவைகள் என்பதால் கை நேரே அங்கே போய்விடுகிறது. ஆயினும் அந்தப் பாட அலகுகள் எதற்காக எழுதப்பட்டன என்ற கேள்விக்குரிய விடை, நாம் புரட்டிக் கடக்கும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனை ஒருவர் தனியே படித்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஐந்தாறு ஆசிரியர்கள் கூடியிருந்து படித்தால் ஓராண்டுக்கும் போதாது. அவ்வாறு கூடிப் படிப்பதற்கு நாங்கள் கைக்கொண்ட முறையை, எங்கே தவறினோம் என்பதையும் சேர்த்து, இங்கு எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பக்கத்தில் இருப்பது என்ன என்பதை நினைவுபடுத்திக்கொள்வோம். 1991 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட தேசிய கல்வி ஆணைக்குழு, தனது 2003 ஆம் ஆண்டு அறிக்கையில் எட்டுப் பொது இலக்குகளையும் ஏழு அடிப்படைத் தேர்ச்சிகளையும் முன்வைத்தது. மனித மாண்பை மதித்து, பண்பாட்டு வேறுபாடுகளை அறிந்து, இலங்கையர் என்னும் அடையாளத்தைக் கட்டியெழுப்புவது முதலாவது இலக்கு. மாறும் உலகுக்கு முகங்கொடுத்துக்கொண்டே மரபின் சிறந்த கூறுகளைப் பேணுவது இரண்டாவது. சமூக நீதியும் சனநாயக வாழ்க்கை முறையும் உள்ள சூழலை உருவாக்குவது மூன்றாவது. உள, உடல் நலமும் நிலைபேறான வாழ்க்கை முறையும் நான்காவது. ஆக்கச் சிந்தனையும் பொறுப்புணர்வும் கொண்ட சமநிலையான ஆளுமை ஐந்தாவது. உற்பத்திப் பணிகளுக்கான மனிதவளம் ஆறாவது. எதிர்பாராததும் சிக்கலானதுமான நிலைமைகளைச் சமாளிக்கும் தகைமை ஏழாவது. உலக சமுதாயத்தில் கௌரவமானதோர் இடத்தைப் பெறுவதற்கான மனப்பாங்கும் திறனும் எட்டாவது. இவை சுருக்கங்கள் மாத்திரமே. கூட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டியது வழிகாட்டியிலுள்ள முழு வாசகத்தையே.

குழுவும் நேரமும்

ஐந்து முதல் ஏழு பேர் வரை போதும். ஒரே பாடத்தைக் கற்பிப்பவர்களைச் சேர்த்தால் பேச்சு விரைவில் பாடத்திட்டத்தை முடிப்பது பற்றியதாகவும் வினாத்தாள் பற்றியதாகவும் மாறிவிடும் என்பதைக் கண்டோம். ஆகவே கணிதம், விஞ்ஞானம், வரலாறு, சமயம், உடற்கல்வி என்று பாடங்கள் கலந்திருக்க வேண்டும். ஆரம்பப் பிரிவிலிருந்து ஒருவராவது இருப்பது அவசியம். பிள்ளைகளின் வீடுகளை அவர்கள் அறிந்த அளவுக்கு மேற்பிரிவு ஆசிரியர்கள் அறிவதில்லை. இரண்டாம் மொழியாகச் சிங்களம் கற்பிப்பவரை மறந்துவிடாதீர்கள். பல பாடசாலைகளில் அவர் ஆசிரியர் அறையின் ஓரத்தில் தனித்து இருப்பவர். ஆனால் முதலாவது இலக்கைப் பற்றிய பேச்சில் அவர் சொல்வதற்கு நிறைய இருக்கும்.

அதிபரின் அனுமதியும் ஆதரவும் வேண்டும். முதற் கூட்டத்தில் அவர் வந்து அமர்ந்தால் மிக நன்று. எனினும் கூட்டங்களை அவர் தலைமை தாங்கி நடத்தாமல் இருப்பதே நல்லதென்பது என் கருத்து, ஏனெனில் தலைமை நாற்காலியில் அதிபர் அமர்ந்தவுடன் ஆசிரியர்கள் சரியான விடையைத் தேடத் தொடங்குகிறார்கள். தலைமை முறைவைத்து மாறட்டும். மிக இளையவரும் ஒருமுறை நடத்தட்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பாடவேளை, அதாவது ஏறத்தாழ நாற்பது நிமிடம், போதுமானது. ஆண்டின் தொடக்கத்தில் நேரசூசி தயாரிப்பவரிடம் சொல்லி, குழுவினர் அனைவருக்கும் பொதுவான ஓய்வுப் பாடவேளை ஒன்றைப் பெற்றுவிடுங்கள். நேரசூசி ஒட்டப்பட்ட பின்னர் கேட்டால் அது கிடைக்காது. பாடசாலை விட்ட பின்னர் கூடுவது நடைமுறையில் தோற்றுப் போகும். மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையிலிருந்து மேற்குக் கரையான படுவான்கரைக்கு வந்து கற்பிப்பவர்கள் பஸ்ஸையும், மண்டூர்ப் பக்கம் என்றால் வாவியைக் கடக்கும் குருமண்வெளிப் பாதைப் படகையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்வை கைக்கடிகாரத்தில் இருக்கும்போது பேச்சு ஆழமாகாது. மூன்றாந் தவணையில் மழையும் வெள்ளமும் பரீட்சை வேலைகளும் சேர்ந்துகொள்வதால், முக்கியமான வேலைகளை முதல் இரண்டு தவணைகளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

முதற் கூட்டம்: ஏழாவது இலக்கிலிருந்து தொடங்குதல்

இலக்குகளை ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஒரு தவணைக்கு ஓர் இலக்கு என்பதே எங்கள் அனுபவத்தில் தாங்கக்கூடிய அளவு. எங்கள் பிரதேசத்தில் ஏழாவது இலக்கிலிருந்து தொடங்குமாறு நான் வற்புறுத்திச் சொல்வேன். 1978 நவம்பர் சூறாவளியை மூத்த ஆசிரியர்கள் பெற்றோர் வாயிலாகவேனும் அறிவார்கள். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையை அறியாத குடும்பம் இக்கரையோரத்தில் இல்லை. மாரி காலத்து வெள்ளம் ஏறக்குறைய ஆண்டுதோறும் வருகிறது. 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டதும் 2022 இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றதும் எல்லோருக்கும் பொதுவான நினைவுகள். எதிர்பாராத நிலைமைகளைச் சமாளித்தல் என்ற சொற்றொடரை எங்கள் ஊர்களில் விளக்க வேண்டிய தேவை இல்லை. அது நம் வகுப்பறையோடு எவ்வாறு தொடர்புபடுகிறது என்பதே கண்டறியப்பட வேண்டியது.

கூட்டத்தை இவ்வாறு நடத்துங்கள். ஒருவர் இலக்கின் முழு வாசகத்தை மெதுவாக இருமுறை வாசிக்கட்டும். அதன்பின் ஒவ்வொருவரும், பாடசாலை வாசலில் தம்மைச் சந்திக்கும் ஒரு பெற்றாருக்கு விளக்குவது போல, அதனைத் தம் சொந்தச் சொற்களில் இரண்டு மூன்று வரிகளாக எழுதட்டும். பேசுவதற்கு முன் எழுதுவது முக்கியம். இல்லாவிடின் முதலில் பேசியவரின் கருத்தையே மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். எழுதியவற்றை வாசித்த பின் ஒரே ஒரு கேள்வியைப் பேசுங்கள்: இந்தத் தகைமை உடைய ஒரு மனிதரை நீங்கள் நேரில் கண்டதுண்டா, அவர் அப்போது என்ன செய்தார்?

எங்கள் குழுவில் இக்கேள்விக்கு ஓர் ஆசிரியை சொன்ன விடையை நான் மறக்கவில்லை. வெள்ளம் வந்த ஓர் இரவில் அவருடைய அயலவர் ஒரு பூவரசங் கம்பை முற்றத்தில் நட்டு, மணிக்கொரு தடவை குப்பிவிளக்குடன் இறங்கி, நீர் எட்டிய இடத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டாராம். கீறல்களுக்கு இடையிலான தூரம் கூடிக்கொண்டே வந்ததைக் கண்டதும், விடியும்வரை காத்திராமல் பக்கத்து வீட்டாரையும் எழுப்பிக்கொண்டு மேட்டுக்குப் போனார். இதைக் கேட்டுக்கொண்டிருந்த நான் கணித ஆசிரியன். அந்த மனிதர் செய்தது மாற்ற வீதத்தைக் கணித்ததே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தரம் 9 இல் நான் ஆண்டுதோறும் கற்பித்த வரைபுப் பாடத்துக்கும் ஏழாவது இலக்குக்கும் ஏதும் தொடர்பு இருக்கும் என்று அதற்கு முன் நான் எண்ணியதே இல்லை.

இத்தகைய ஒரு நிகழ்ச்சி உங்கள் குழுவிலும் வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். இரண்டு கூட்டங்கள் எடுத்தாலும் பரவாயில்லை. இலக்கைப் பொதுச் சொற்களாலேயே பேசிக்கொண்டிருந்தால் எல்லோரும் உடன்படுவார்கள், எவரது பாடமும் மாறாது.

பாடமாக்குதல், கூடிப் பார்த்தல்

நிகழ்ச்சி கிடைத்ததும் அது எந்தப் பாடத்தின் எந்த அலகுக்குள் இயல்பாக வந்து அமரும் என்று பாருங்கள். புதிய பாடம் ஒன்றை உருவாக்க வேண்டாம். நேரசூசியில் ஏற்கனவே உள்ள பாடத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். பாடக்குறிப்பைக் குழு முழுவதும் சேர்ந்து எழுதி, ஒருவர் கற்பிக்க, மற்றவர்கள் வகுப்பில் அமர்ந்து பிள்ளைகளைக் கவனித்து, பின்னர் கூடிப் பேசுவது ஜப்பானியப் பாடசாலைகளில் நூறாண்டுகளுக்கும் மேலாக வேரூன்றிய வழக்கம். நாங்கள் அதனை எங்கள் வசதிக்கேற்பச் சுருக்கிக்கொண்டோம்.

அவதானிப்பவர் செய்ய வேண்டியவை சிலவே. வகுப்பின் பின்புறத்தில் அல்லாமல் பக்கவாட்டில், பிள்ளைகளின் முகம் தெரியுமாறு அமர வேண்டும். ஒவ்வொருவரும் மூன்று அல்லது நான்கு பிள்ளைகளை மட்டும் பொறுப்பெடுத்து, அவர்கள் சொன்னதையும் செய்ததையும் அவர்களுடைய சொற்களிலேயே குறிக்க வேண்டும். நன்று, குறைவு என்ற தீர்ப்புகள் குறிப்பில் இடம்பெறக் கூடாது. கவனிக்கப்படுவது ஆசிரியர் அல்லர், பிள்ளைகள் என்பதை முன்கூட்டியே எல்லோரும் உணர்ந்திருக்க வேண்டும். மேற்பார்வை என்ற சொல்லையே பயன்படுத்தாதீர்கள். அந்தச் சொல்லோடு வரும் அச்சம் நம்மில் பலருக்கும் பழகியது.

வரைபுப் பாடத்தை நானே கற்பித்தேன். கீறல் போட்ட கம்பொன்றை வகுப்புக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் கீறல்களை அளந்து, நேரத்துக்கு எதிராக நீர்மட்டத்தைக் குறித்து, வரைபு கீறினார்கள். பின்னர், எப்போது வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும் என்று கேட்டேன். நீர் இரண்டாவது படியைத் தொடும்போது என்று பலர் சொன்னார்கள். வரைபின்படி அது பொருத்தமான விடையே. அவ்வேளை யன்னலோரத்தில் இருந்த ஒரு பிள்ளை, "எங்கட அம்மம்மாக்கு நடக்க ஏலா சேர். நாங்க முதலாவது படியில தண்ணி வரக்குள்ளயே வெளிக்கிடணும்" என்றாள். பாடவேளை முடிய ஏழெட்டு நிமிடமே இருந்தது. நான் "சரி, வரைபுக்கு வருவோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனேன்.

பின்னர் நடந்த உரையாடலில், அந்தப் பிள்ளையைக் கவனித்த ஆரம்பப் பிரிவு ஆசிரியை தம் குறிப்பை வாசித்தார். அதில் பிள்ளை சொன்ன வாக்கியமும், நான் சொன்ன வாக்கியமும், அதன்பின் பாடம் முடியும்வரை அவள் பேனையை மூடி வைத்திருந்தாள் என்பதும் மட்டுமே எழுதப்பட்டிருந்தன. அவர் என்னைக் குறைசொல்லவில்லை. குறைசொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஒரே வரைபைப் பார்த்து, நடக்க இயலாதவரை முன்னிறுத்தி வேறு முடிவுக்கு வந்த அந்தப் பிள்ளையிடம், நாங்கள் இரண்டு கூட்டங்களாகத் தேடிய தகைமையும், அதனோடு மனித மாண்பும் பொறுப்பும் சேர்ந்தே இருந்தன. அதைக் கேட்கும் பொறுமை என்னிடம் இருக்கவில்லை. அடுத்த வாரம் மற்றப் பிரிவில் அதே பாடத்தைக் கற்பித்தபோது, உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியையும் பாடக்குறிப்பில் சேர்த்து, அதற்கென்று பதினைந்து நிமிடம் ஒதுக்கினோம்.

உரையாடலைப் பாடம் நடந்த அன்றே நடத்திவிடுங்கள். கற்பித்தவர் முதலில் பேசட்டும். பின்னர் அவதானித்தவர்கள் தாம் கண்டதை மட்டும் வாசிக்கட்டும். "நீங்கள் இப்படிச் செய்திருக்கலாம்" என்று தொடங்கும் வாக்கியங்களை இறுதிப் பத்து நிமிடத்துக்கு ஒதுக்கிவையுங்கள்.

விழுமியத்தைப் பாடத்தின் முடிவில் அறிவுரையாகச் சேர்க்கும் பழக்கத்தை இங்கே கைவிட வேண்டியிருக்கும். பாடம் முடிந்ததும் "ஆகவே பிள்ளைகளே, நாம் மற்றவர்களுக்கு உதவ வேண்டும்" என்று சொல்வதால், அந்தப் பிள்ளை தானே கண்டடைந்தது ஆசிரியரின் சொல்லாக மாறிவிடுகிறது.

மூன்றாவது இலக்குக்குக் கரையோரப் பாடசாலைகள், பலர் கரையில் நின்று இழுக்கும் கரைவலையின் வருமானப் பங்கீட்டை எடுத்துக்கொள்ளலாம். வலைச் சொந்தக்காரருக்கும் இழுப்பவர்களுக்கும் வருமானம் எவ்வாறு பிரிகிறது என்பதைப் பிள்ளைகளே வீட்டில் கேட்டு வந்து விகிதமாக எழுதும்போது, நியாயம் எது என்ற கேள்வி எவரும் தூண்டாமலே எழும். படுவான்கரையிலும் அம்பாறையின் வயல் ஊர்களிலும் போகத் தொடக்கத்தில் நடைபெறும் விவசாயக் கூட்டம் அதே அளவுக்குப் பொருத்தமானது; நீர் திறக்கும் திகதியையும் விதைப்புத் திகதியையும் பலர் கூடிப் பேசி முடிவு செய்து, முடிவுக்குப் பின் எல்லோரும் அதற்குக் கட்டுப்படும் முறையைக் குடியுரிமைக் கல்விப் பாடத்துக்கு இதைவிட நெருக்கமாக எங்கே காண்பது? இரண்டாவது இலக்குக்கு, 1892 இல் காரைதீவில் பிறந்து, விஞ்ஞானமும் பண்டிதத் தமிழும் ஒருசேரக் கற்று, பழந்தமிழ் இசைக்கருவியைக் கணிதத்தின் துணையுடன் ஆராய்ந்த சுவாமி விபுலானந்தரின் வாழ்வே போதுமான தொடக்கம்.

அதே மூன்றாவது இலக்கைப் படிக்கும்போது நம் பாடசாலையின் அன்றாட வழக்கங்களையும் ஒருமுறை பாருங்கள். வகுப்பறையைக் கூட்டுவது யார், ஆசிரியர் அறைக்குத் தேநீர் கொண்டுவர அனுப்பப்படுவது யார், புள்ளிகளின்படி இருக்கை ஒதுக்கப்படுகிறதா என்ற கேள்விகளை முதலில் ஆசிரியர்கள் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டும். இப்பேச்சு எளிதானதன்று, ஆனால் சமூக நீதி பற்றிய பாடத்தைப் பிள்ளைகள் அன்றாடம் படிப்பது இவற்றிலிருந்துதான்.

முதலாவது இலக்கும் அயற் பாடசாலையும்

முதலாவது இலக்கை இரண்டாந் தவணைக்கு விடுங்கள். குழுவினர் ஒருவரை ஒருவர் நம்பத் தொடங்கிய பின்னரே அதைப் பேச முடியும். தேசிய ஒற்றுமை, சமாதானம் என்ற சொற்களை வாசிக்கும்போது, போர்க்காலத்தில் உறவுகளை இழந்தவர்களும் ஊரை விட்டு இடம்பெயர்ந்தவர்களும் அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பார்கள். எவரையும் தம் கதையைச் சொல்லுமாறு கேட்கக் கூடாது. சொல்ல முன்வந்தவரை இடைமறிக்கவும் கூடாது. ஒருவரின் இழப்பை இன்னொருவரின் இழப்போடு ஒப்பிடக் கூடாது. இந்த மூன்றையும் கூட்டத்தின் தொடக்கத்தில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அதன்பின் பொதுவானவற்றிலிருந்து தொடங்குங்கள், ஆனால் அவை உண்மையானவையாக இருக்க வேண்டும். கிழக்குக் கரையோரத்தில் தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடி முறை இருப்பதும், இரு சமூகத்திலும் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் இருப்பதும் பிள்ளைகள் தம் வீடுகளிலேயே அறிந்தவை. நம் ஊர்களில் வைகாசியில் குளிர்த்தி என்னும் குளிர்விக்கும் சடங்கைப் பெறும் கண்ணகியைச் சிங்கள மக்கள் பத்தினித் தெய்வமாக வழிபடுகிறார்கள். வரலாற்று ஆசிரியரும் சமய ஆசிரியரும் சிங்களம் கற்பிப்பவரும் சேர்ந்து எழுதும் ஒரு பாடக்குறிப்புக்கு இவை தாராளமாகப் போதும்.

இந்தப் படியில் அயற் பாடசாலைக் குழு ஒன்றோடு சேர்வது பெரும் பயன் தரும். காரைதீவும் சாய்ந்தமருதும், ஆரையம்பதியும் காத்தான்குடியும், செங்கலடியும் ஏறாவூரும் என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒன்றுக்கொன்று எவ்வளவு அருகில் இருக்கின்றன! ஆயினும் ஒரு பாடசாலையின் ஆசிரியர் மற்றப் பாடசாலையின் வகுப்பறைக்குள் அமர்ந்து பார்த்தது அரிது. கோட்டக் கல்விப் பணிப்பாளருக்கும் பாட ஆசிரிய ஆலோசகருக்கும் இரு அதிபர்களும் சேர்ந்து எழுதினால் அனுமதி பெறலாம். திகதி குறிக்கும்போது கவனமாக இருங்கள்: நோன்பு காலத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை, வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை, கோயிற் சடங்கு நாட்களில் தமிழ் ஆசிரியர்கள் விடுப்பில் இருப்பர். முதற் சந்திப்பில் பாடம் பார்க்க வேண்டாம். இலக்கை வாசித்து, ஒவ்வொருவரும் எழுதிய இரண்டு வரிகளை மாற்றி வாசித்தாலே போதும். மற்றப் பாடசாலை ஆசிரியர் எழுதிய வரியை நம் குரலில் வாசிப்பது, நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாக எங்களைப் பேசவைத்தது.

குறிப்பேடு

அறிக்கைகள் எழுதிச் சோர்ந்து போகாதீர்கள். ஒரு சீஆர் கொப்பி போதும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் திகதி, படித்த இலக்கு, வந்த நிகழ்ச்சி, தெரிவான பாடம், பிள்ளைகள் சொன்ன வாக்கியங்கள் ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். பிள்ளைகளின் பெயர்களை எழுத வேண்டாம். தரமும் பிரிவும் போதும். முறைவைத்துத் தலைமை தாங்கியவரே எழுதட்டும்.

நம் பகுதியில் இடமாற்றம் வழமையானது. குழுவில் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, அவர் பங்குகொண்ட பாடங்களின் பக்கங்களை நிழற்பிரதி எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள். மூலக் கொப்பி பாடசாலையிலேயே, ஆசிரியர் வழிகாட்டிகள் வைக்கும் அலுமாரியில் இருக்கட்டும். எங்கள் கொப்பியின் நான்காம் பக்கத்தில் அந்தப் பிள்ளையின் வாக்கியம் அவள் சொன்னபடியே இருக்கிறது. அந்தப் பாடசாலையில் இப்போது வரைபு கற்பிப்பவர் என்னை ஒருபோதும் சந்தித்ததில்லை. சென்ற ஆண்டு அவர் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு, பூவரசங் கம்பு எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார்.